பட்டியலில் இல்லாத சொற்கள்

பெரிய ஆங்கிலச் சொற்களை உருப்போடும் பழக்கம் நம் கல்லூரி விடுதிகளில் இன்னும் போகவில்லை. முன்பு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். இப்போது காலையில் கண் விழிக்கும்போதே கைப்பேசி ஒரு சொல்லை நீட்டுகிறது. 'அப்சீக்வியஸ்' என்றால் குழைந்து கும்பிடுகிற, 'லொக்வேஷியஸ்' என்றால் ஓயாமல் பேசுகிற, 'எஃபெமரல்' என்றால் சொற்ப காலமே நிற்கிற. தெரிந்துகொள்வதில் தவறே இல்லை. ஆனால் இவற்றைத் தடங்கலின்றி ஒப்பிக்கும் அதே பிள்ளை, பாடநூலில் 'வேர்ஆஸ்' என்று தொடங்கும் பாதி வாக்கியத்தின் முன்னால் நின்றுவிடுகிறான். அந்தச் சின்னச் சொல்லை எந்தப் பட்டியலும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

இந்த மோகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1930களில் அமெரிக்காவில் ஜான்சன் ஓ'கானர் என்பவர் பலதரப்பட்ட மனிதர்களுக்குச் சொல்லறிவுத் தேர்வு வைத்தார். நிறுவனங்களின் உச்சியில் இருப்பவர்கள் அதில் அதிக மதிப்பெண் பெறுவதாக எழுதினார். சொல் தெரிந்ததால் மேலே போனார்களா, நிறையப் படிக்கும் சூழலில் வளர்ந்ததால் சொல்லும் பதவியும் சேர்ந்தே வந்தனவா என்று யாரும் நின்று கேட்கவில்லை; கேட்டிருந்தால் வியாபாரம் படுத்திருக்கும். 1945இல் அகராதி வெளியிடும் குடும்பத்தைச் சேர்ந்த வில்ஃப்ரட் ஃபங்க் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழில் சொல்வளம் பெருக்கும் பகுதியைத் தொடங்கினார். சொல்வளம் பெருகினால் பணமும் பெருகும் என்று அதன் தலைப்பே ஆசை காட்டியது. 1949இல் நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' வந்தது. நம் ஊர் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் அட்டை கிழிந்தும் கிழியாமலும் கிடைப்பது அதுதான்.

லூயிஸின் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. அவர் சொற்களைத் தனித்தனியாக அடுக்கவில்லை. கிரேக்க, லத்தீன் வேர்களைக் காட்டி, ஒரு வேரிலிருந்து கிளைக்கும் சொற்களை ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார். வெறுப்பைக் குறிக்கும் 'மிஸ்', மனிதனைக் குறிக்கும் 'ஆந்த்ரோபோஸ்' இரண்டும் தெரிந்துவிட்டால் 'மிஸன்த்ரோப்' தானே விளங்கும். மானுடவியலின் ஆங்கிலப் பெயரும் அப்படியே. அவர் புத்தகத்தை முறைப்படி, பயிற்சிகளைச் செய்து படித்தவருக்கு நன்மையே. ஆனால் பெரும்பாலான பிரதிகளில் முதல் சில அத்தியாயங்களில் மட்டும் பென்சில் கோடு இருக்கும். அதற்கப்பால் பக்கங்கள் புதிதாகவே இருக்கும். பழைய புத்தகக் கடையில் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பட்டியல் மனப்பாடத்தை நம்மிடம் உண்மையில் வளர்த்தது ஜி.ஆர்.இ. தேர்வு. அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போக விரும்பிய பொறியியல் மாணவர்கள் பாரன்ஸ் வழிகாட்டியிலிருந்த 3,500 சொற்களை அகரவரிசையில் விழுங்கினார்கள். எதிர்ச்சொல் கேட்பார்கள், இணைச்சொல் உறவு கேட்பார்கள் என்பதால் அது அன்றைக்குத் தேவைப்பட்டது. 2011 ஆகஸ்டில் அந்தத் தேர்வு மாற்றியமைக்கப்பட்டபோது அந்த இரண்டு வகைக் கேள்விகளையும் எடுத்துவிட்டார்கள். பள்ளி முடிப்போருக்கான எஸ்.ஏ.டி. தேர்வு எதிர்ச்சொற்களை 1994இலும் இணைச்சொல் உறவுகளை 2005இலும் கைவிட்டது. 2016இல் அரிய சொற்களை ஒதுக்கிவிட்டு, வழக்கமான சொல் ஒரு பத்தியில் என்ன பொருள் தருகிறது என்று கேட்கத் தொடங்கியது. தேர்வு வைத்தவர்களே விட்டுவிட்டதை நாம் இன்னும் சுமக்கிறோம். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் இன்றும் எதிர்ச்சொல்லும், ஒரு தொடருக்கு ஈடான ஒற்றைச் சொல்லும் கேட்கிறது என்பது உண்மை. அந்த வேலைக்குப் படிக்கிறவர்கள் பட்டியலைப் படித்துத்தான் ஆகவேண்டும். அவர்களைக் குறை சொல்லமாட்டோம். கேள்வித்தாள் தயாரிப்பவர்களைச் சொல்லலாம்.

பட்டியல் ஏன் மனதில் நிற்பதில்லை? ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக்கினார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஓரளவு தங்குகிறது. இன்றைய சொற்பயிற்சிச் செயலிகள் பல இந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன. ஒரு வாக்கியத்திலும் சந்தித்திராத ஆங்கிலச் சொல் நம் மாணவனுக்குக் கிட்டத்தட்ட எபிங்ஹாஸின் பொருளற்ற அசைதான். செயலி அதை நினைவில் நிறுத்தலாம். அதை எங்கே, யாரிடம், எந்தத் தொனியில் பயன்படுத்துவது என்பதைச் செயலி தராது. 'பீட்டர் விடுகிறான்' என்று நம் பிள்ளைகள் கேலி செய்வது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். சொல் சரியாக இருக்கும், இடம் தவறியிருக்கும். அரிய சொற்களால் ட்விட்டரில் அகராதியைத் தேடவைத்த சசி தரூரும், தன் சொற்கள் அகராதியிலிருந்து அல்ல, வாசிப்பிலிருந்து வந்தவை என்றுதான் சொல்லிவருகிறார்.

சொற்களைப் பொறுக்கியெடுப்பதில் அக்கறையான வேலையும் நடந்திருக்கிறது, அதுவும் நம் துணைக்கண்டத்திலேயே. மைக்கேல் வெஸ்ட் என்ற கல்வி அதிகாரி டாக்காவில் இருந்துகொண்டு வங்காளச் சிறுவர்களுக்கு ஆங்கில வாசகங்கள் தயாரித்தார். ஒரு பக்கத்தில் புதுச்சொல் சிலவே வரவேண்டும், வந்தது மறுபடி மறுபடி வரவேண்டும், பிள்ளை கதையைப் படித்து முடித்த திருப்தியோடு எழவேண்டும் என்பது அவர் கட்சி. அந்த வழியில் போய் 1953இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். 2000இல் நியூசிலாந்தின் அவரில் காக்ஸ்ஹெட், சட்டம், வணிகம், அறிவியல், கலை ஆகிய துறைகளின் நூல்களிலும் கட்டுரைகளிலுமாக 35 லட்சம் சொற்களை அலசினார். வெஸ்டின் 2,000ஐத் தள்ளிவிட்டு, எல்லாத் துறைகளிலும் பொதுவாக வருபவற்றை மட்டும் எடுத்தபோது 570 சொற்குடும்பங்கள் கிடைத்தன. கல்விசார் எழுத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு சொல் இவற்றிலிருந்து வருகிறது.

'அஸ்யூம்', 'டெரைவ்', 'ஜஸ்டிஃபை', 'இம்ப்ளை', 'கான்ட்ராஸ்ட்', 'கன்சிஸ்டென்ட்' போன்றவை அந்த 570இல் அடக்கம். இவற்றைச் சொல்லி யாரையும் அசத்த முடியாது. பேச்சுப்போட்டியில் கைத்தட்டல் வாங்க முடியாது. ஆனால் தமிழ்வழியில் பன்னிரண்டு வருடம் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாகப் பொறியியலோ மருத்துவமோ சேருகிற பிள்ளை வழுக்கி விழுவது இந்தப் படியில்தான். பேருந்தில், கடையில், சினிமாவில் புழங்கும் ஆங்கிலம் அவனுக்குத் தெரியும். துறையின் கலைச்சொல்லை ஆசிரியர் விளக்கிவிடுவார், அதற்கு நூலிலேயே வரையறையும் இருக்கும். நடுவில் இருக்கும் இந்தச் சொற்களை விளக்குவது யாருடைய வேலையும் இல்லை. ஆங்கிலத்துறை அவற்றை இலக்கியமாகக் கருதாது. பௌதிக ஆசிரியர் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வார். விடை தெரிந்தும் வினா என்ன செய்யச் சொல்கிறது என்று விளங்காமல் மதிப்பெண்ணை இழப்பவர்கள் எத்தனையோ பேர். இதை 'ஆங்கிலம் வராது' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

பட்டியல் மனப்பாடம் நமக்குப் புதிதல்ல என்று வாசகர்கள் சொல்லக்கூடும். திண்ணைப் பள்ளிகளில் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டைச் சிறுவர்கள் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். அது விருத்தத்தில் இருந்தது. ஓசை நினைவைத் தாங்கியது. அதைவிட முக்கியம், நிகண்டு முடிந்ததும் கையில் அந்தாதியோ காவியமோ வந்துவிடும். அங்கே கற்ற சொல் இங்கே எதிரில் வந்து நிற்கும். இன்றைய 3,500க்குப் பின்னால் எந்தக் காவியமும் இல்லை. தேர்வு முடிந்த மறுவாரமே சீட்டுகள் குப்பைக்குப் போகின்றன.

சிற்றிதழ்க்காரர்கள் கடினச் சொல்லைப் பற்றிப் பேசுவது சிலருக்குச் சிரிப்பு வரவழைக்கலாம். இருண்மை, படிமம், கட்டவிழ்ப்பு என்று எழுதி வாசகரை ஓடவிட்டவர்கள் நாங்களே. ஆனாலும் ஓடாமல் நின்றவர்கள் அந்தச் சொற்களைப் பட்டியலிலிருந்து கற்கவில்லை. சண்டை நடந்த கட்டுரைகளிலிருந்து கற்றார்கள். ஆங்கிலத்துக்கும் இதுதான் வழி. செய்தித்தாளையும் நாவலையும் ஏறக்குறையத் தடையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். அத்தனையையும் சீட்டில் எழுதி முடிக்க யாராலும் ஆகாது. பிடித்த விஷயத்தைப் பற்றி, கொஞ்சம் எளிதாகவே இருக்கிற புத்தகங்களை வரிசையாகப் படித்தால் ஆகும். கிரிக்கெட் பிடித்தவன் கிரிக்கெட்டைப் படிக்கட்டும், துப்பறியும் கதை பிடித்தவள் அதைப் படிக்கட்டும்.

கல்லூரிகளில் பாடம் நடத்தும் நம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் துறையின் பழைய கேள்வித்தாள்களை எடுத்து, கலைச்சொல் அல்லாத, ஆனால் மாணவர் தடுக்கி விழும் சொற்களைக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பாடநூலிலிருந்தே ஒரு வாக்கியமும் தமிழில் இரண்டு வரி விளக்கமும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து இதற்கெனப் பக்கம் ஒதுக்குகிறோம். முதலாண்டு மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.