கடை திறந்தால் கடத்தல் ஒழியுமா?

'கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினால் கடத்தல்காரன் தொழிலை மூட்டை கட்டிவிடுவான்' என்கிறார்கள் சிலர். வாசகர்களே, காரியாபட்டியில் நின்று இதை யோசித்துப் பாருங்கள்.

2003 முதல் டாஸ்மாக் மூலம் மதுவை அரசே சில்லறையில் விற்கிறது. கள்ளச்சாராயம் ஒழிந்ததா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்களே! காரணம் விலை. வரியைச் சுமந்த குவார்ட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. அன்றாடங்காய்ச்சி மலிவான பாக்கெட்டைத் தேடிப் போகிறான். நம் பக்கத்தில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவன் கையிலும் அதே கூலிக்காசுதானே இருக்கிறது?

கஞ்சாவுக்கும் இதே கணக்குதான். வரி போட்டால் கள்ளச் சரக்கு மலிவு. போடாவிட்டால் பள்ளிக்கூடப் பையன் கைக்கும் எட்டும்.

கனடா 2018இல் அனுமதித்தது. அங்கே பெரும்பாலோர் இன்று உரிமம் பெற்ற கடையில்தான் வாங்குகிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கள்ளச் சந்தை சாகவில்லை. தாய்லாந்து 2022 ஜூனில் தடையை நீக்கியது. விளைவு? பாங்காக்கிலிருந்து இறங்கும் பயணிகளின் பெட்டிகளில் உயர் ரகக் கஞ்சா சென்னை விமான நிலையத்தில் அடுத்தடுத்துப் பிடிபட்டது. அங்கே அனுமதி, இங்கே கடத்தல்! கடைசியில் 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று தாய்லாந்தே திரும்பிவிட்டது.