அறுபத்தோராம் நாள் காலை!

அறுபது என்றதும் உமது நினைவுக்கு வருவது யாது, தோழரே? மணிவிழா! மாலையும் சந்தனமுமாக, மக்களும் பேரரும் சூழ்ந்து நிற்கும் நன்னாள்! நாழிகை அறுபது கழிந்தால் ஒரு நாள் முடிந்தது. பஞ்சாங்கக்காரர் கணக்கிலே ஆண்டு அறுபது கழிந்தால் ஒரு சுற்று முடிந்தது. ஆனால், கடலூர் மத்தியச் சிறையிலே கம்பிகளுக்குப் பின்னே குந்தியிருக்கும் கல்வராயன் மலைக்காரன் ஒருவனுக்கு அறுபது என்பது விழாவுமன்று, சுற்றுமன்று. அறுபது நாள் கழிந்து, அறுபத்தோராம் நாள் காலையிலே அவனுக்கென ஒரு கதவு உண்டாகிறது. தானாகத் திறக்கும் கதவன்று அது, தட்ட வேண்டும். தட்ட வேண்டியவர் அவனுடைய வழக்கறிஞர். பிற்பகல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருந்துவிட்டாலோ, கதவிருந்த இடத்திலே சுவர் எழும்பியிருக்கும்!

கதையன்று இது, சட்டம். ஒருவனைக் கைது செய்து காவலில் வைத்துக்கொண்டு, காலவரையின்றிப் புலன் விசாரணை நடத்திக்கொண்டிருக்க எந்தக் காவல் நிலையத்துக்கும் உரிமை கிடையாது. மரணம், ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறை என்று தண்டனை விதிக்கத்தக்க குற்றமானால் 90 நாள். ஏனையவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையா? வழக்கின் வலு என்ன, குற்றத்தின் கொடுமை என்ன என்று எதையும் பாராமல், கேட்டவனுக்கு ஜாமீன் கொடுத்தே தீர வேண்டும். கேட்டவனுக்கு! கேளாதவனுக்கு அல்ல!

பழைய சட்டத்திலே இது 167ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் 187ஆம் பிரிவு. அன்றுதானே பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற மூன்று பெருமக்களும் நம் வாசலில் வந்திறங்கினர்! பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நம்மூர் வக்கீலுக்கு நா வறண்டுவிடுகிறது. சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு சொல்ல, பெயர் மட்டும் வடமொழிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தது எப்படி என்று கேட்டோம், இன்னும் கேட்போம். நாம் பலகாலம் பழகிய 144 தடையுத்தரவு 163 ஆகிவிட்டது. நாடகக்காரனுக்கு இதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. நானூற்றிருபது என்று ஒரு சொல் சொன்னால் கொட்டகையே குலுங்குமே, அந்த நானூற்றிருபது இப்போது முந்நூற்றுப் பதினெட்டு! மேடையிலே சொல்லிப் பாருங்கள், எவர் சிரிக்கிறார்?

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். சட்டக் கல்லூரியின் வாயிற்படியை மிதித்தவனல்லன். "வசனம் எழுதுகிறவன் வழக்கறிஞருக்கு வழி சொல்வதா?" என்று நம் தோழர்களாகிய வக்கீல்களே முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். நாடகத்திலே எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு: நுழைய வேண்டிய வேளையிலே நுழையாத நடிகன், எத்துணை நன்றாகப் பேசினாலும் பயனில்லை. நீதிமன்றத்தைப் பார்க்கப் பார்க்க, அங்கும் அதுவே நியதி என்று காண்கிறேன்.

கள்ளக்குறிச்சியை ஏன் எடுத்துக்கொண்டேன்? 2024 ஜூன் திங்களில் கருணாபுரத்திலே மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தச் சாவுகளின் வழக்கு பெரிய இடங்களுக்கெல்லாம் போயிற்று. அவ்வாண்டு நவம்பரிலே உயர்நீதிமன்றம் அதனை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிற்று, டிசம்பரிலே உச்சநீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. மலையின் கதையோ வேறு. அங்கே ஊறல் அழிப்பு, வேட்டை, கைது என்ற செய்திகள் அடுக்கடுக்காக வந்தன. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து, கல்வராயன் மலைமக்கள் வாழும் நிலை என்ன, சாலை உண்டா, பள்ளி உண்டா, மருத்துவம் உண்டா என்று கேட்கத் தொடங்கியதும் அப்போதுதான். 1976 வரையிலே ஜாகீர்தார் மூவரின் ஆளுகையில் கிடந்த மலை அது! நாடு விடுதலை பெற்று முப்பதாண்டை நெருங்கும் வரை ஜாகீர் நடந்த இடத்திலே, சட்டம் என்ற சொல் சீருடையோடுதான் அறிமுகமாயிற்று என்றால் வியப்பென்ன? கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்ட நாள் 2019 நவம்பர் 26. அரசியல் சட்டம் ஏற்கப்பட்ட அதே நவம்பர் 26! நாள் பொருந்திவிட்டது, நடைமுறைதான் இன்னும் பொருந்தக் காணோம்.

"சாராயம் காய்ச்சியவனுக்கா சட்டம் பேசுகிறாய்?" என்று கேட்பார் உண்டு. கருணாபுரத்துத் தாய்மாரின் கண்ணீரை நானும் அறிவேன். ஆனால் மெத்தனால் மலையிலே விளைவதன்று, ஆலையிலே செய்வது. அதைக் கொணர்ந்தவன், கலந்தவன், கண்டும் காணாதிருந்தவன் என்று நீளும் சங்கிலியிலே, எளிதில் கைக்கு அகப்படுபவன் மலையேறினால் கிடைக்கும் ஏழை. குற்றம் செய்தானா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். சொல்லும் வரை அவனுக்குள்ள உரிமையை அவனுக்காக எண்ணிக்கொண்டிருப்பவர் யார் என்பதே என் கேள்வி.

இதையே மேடையிலே காட்டுவதென்றால், காட்சி இப்படித்தான் அமைப்பேன். வக்கீல் வீட்டுத் திண்ணை. வெள்ளிமலையிலிருந்து முதற் பேருந்திலே இறங்கி வந்த ஒரு பெண், தூணோரம் நிற்கிறாள்.

"சாமி, எங்க வூட்டுக்காரரு எப்ப வருவாரு?"

"வாய்தா போட்டிருக்கும்மா. அடுத்த வாரம் வந்து பாரு."

"போன வாரமும் அப்பிடித்தான் சாமி சொன்னீங்க. உள்ள போயி எத்தினி நாளாச்சுன்னாவது சொல்லுங்க."

குமாஸ்தா கட்டுகளைப் புரட்டுகிறார். கிடைக்கவில்லை. அவருடைய நினைவிலே நாற்பத்தைந்து. வக்கீலின் நினைவிலே ஐம்பது. அவளோ விரலால் எண்ணி வைத்திருக்கிறாள், அறுபத்திரண்டு!

அவள் எண்ணியதுதான் சரி. சட்டம் அறியாத அவள் எண்ணினாள். சட்டம் அறிந்த அலுவலகம் எண்ணவில்லை.

எண்ணிய ஓர் அலுவலகத்தின் கதையைக் கேளுங்கள். கற்பனையன்று, சென்னையிலே நடந்தது. போதைப்பொருள் வழக்கு, அதற்கு வரம்பு 180 நாள். வரம்பு முடிந்த மறுநாள், 2019 பிப்ரவரி 1, காலை 10.30 மணிக்கு ஜாமீன் மனு தாக்கலாயிற்று. வாதம் நடந்துகொண்டிருந்தது. மாலை 4.25க்கு, "இதோ எங்கள் கூடுதல் புகார்!" என்று அரசுத் தரப்பு ஓடோடி வந்தது. ஜாமீன் கிடைத்தது, உயர்நீதிமன்றம் அதை நீக்கிற்று, வழக்கு டில்லி சென்றது. 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: காலையிலே கேட்டுவிட்டான், உரிமை அவனுடையதாகிவிட்டது, மாலையிலே வந்த தாள் அதைப் பறிக்க முடியாது! ஆறு மணி நேரம், தோழர்களே! வாதத்திறத்தினாலா வென்றது அந்தத் தரப்பு? மணி பார்த்ததனால் வென்றது. மனு எழுதத்தான் நேரமில்லையா? வாய்மொழியாகக் கேட்டாலும் போதும் என்று 2017லேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எந்த நாளிலிருந்து எண்ணுவது? இதிலும் நெடுநாள் குழப்பம் இருந்தது. சிறைக்கனுப்பிய நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து முடிவு செய்தனர். மார்ச் 1 அன்று அனுப்பினால் ஏப்ரல் 29 அறுபதாம் நாள்; 30ஆம் நாள் காலை மனுவோடு நிற்க வேண்டும். பிரிவையும் பார்த்தாக வேண்டும். 2024 ஜூன் இறுதியிலே நம் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயச் சாவுக்கு ஆயுள் சிறை என்று கடுமையாக்கியது. ஆகவே அத்தகைய வழக்கிலே கணக்கு 90க்குத் தாவுகிறது. குமாஸ்தாவின் தலைக்குள் இருக்கும் பழைய அட்டவணை இனி உதவாது.

அடுத்து மொழி. நம் இயக்கத்தார் காது கொடுத்துக் கேட்க வேண்டிய தீர்ப்பு இது. 2025 நவம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம், கைதுக்கான காரணத்தை எல்லாக் குற்றங்களிலும் எழுத்திலே தர வேண்டும், கைதானவனுக்குப் புரியும் மொழியிலே தர வேண்டும் என்றது. உடனே எழுதித்தர இயலாத சூழலிலும், நீதிபதி முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவேனும் தாள் அவன் கையிலிருக்க வேண்டும். தவறினால் கைதும் சட்டவிரோதம், காவலும் சட்டவிரோதம். இதன் அருமையை ஆந்திரச் சிறைகளைக் கண்ட மலைக்காரனிடம் கேளுங்கள்! செம்மரம் வெட்டப் போனார்கள் என்று இருபது தமிழர் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டிலே சுட்டுக் கொல்லப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முன்பு, 2013 டிசம்பரிலே வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கிலே முந்நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலோர் தமிழர், சிறையிலே வாடினர். 2016லே திருப்பதி நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்தது. போன ஆண்டுகளை எந்த நீதிமன்றம் திருப்பித் தந்தது? தெலுங்கிலே எழுதிய தாளை அவர்களுள் எத்தனை பேர் படித்திருக்க முடியும்? இனி, முதற் சந்திப்பிலே வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "நீ என்ன செய்தாய்?" என்பதன்று. "உனக்கு என்ன தாள் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள், அது தமிழிலா?" என்பதே.

ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியே வராதவர் உண்டு, ஜாமீன்தாரர் கிடைக்காமையால். ஏழைக் கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று அவரையும் தள்ளிய கொடுமையை 1978லேயே நீதிபதி கிருஷ்ணய்யர் சாடினார். 2023 ஜனவரி 31 அன்று மறுபடியும் வழிகாட்டினார்கள்: உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டுமென்று வற்புறுத்தலாகாது, ஏழு நாளில் வெளியே வராதவனைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும், ஒரு திங்கள் கழிந்தால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பார்க்கலாம். இந்த உத்தரவின் நகல் மேசையிலே இருக்கிறதா, வழக்கறிஞத் தோழரே?

ஒரு தடித்த பேரேடு வாங்குங்கள். கணினி இருந்தால் அதிலும் பதியுங்கள். ஆனால் திண்ணையிலே அமர்ந்திருப்பவளும் பார்க்கத்தக்கதாக ஒன்று வேண்டும். பெயர், ஊர், காவல் நிலையம், குற்ற எண், பிரிவு, சிறைக்கனுப்பிய நாள், அறுபதோ தொண்ணூறோ முடியும் நாள், மறுநாள் காலை நீதிமன்றத்திலே நிற்கப் போகிறவர் யார். இக்கடைசிக் கட்டம்தான் முக்கியம். "அலுவலகம் பார்த்துக்கொள்ளும்" என்று அங்கே எழுதக்கூடாது, ஓர் ஆளின் பெயர் வேண்டும். வாங்கிய பணத்துக்குச் சீட்டு. கட்டணம் வேறு, செலவு வேறு என்று கணக்கு. வழக்கறிஞர் மீது நுகர்வோர் நீதிமன்றத்திலே வழக்குப் போட முடியாதென்று 2024 மே 14 அன்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. மலைக்காரிக்கு அந்தக் கதவும் அடைபட்ட பின், உமது பேரேட்டை விட்டால் அவளுக்கு வேறு சாட்சி ஏது? எழுதி வைத்தால் காவல்துறை கேட்குமே என்ற அச்சம் வேண்டா. கட்சிக்காரர் சொன்னதைத் தெரிந்துகொள்ள வழக்கறிஞரை நினைத்தபடி அழைக்க முடியாது, விதிவிலக்கான நிலையிலும் கண்காணிப்பாளருக்குக் குறையாத அதிகாரியின் எழுத்து ஒப்புதல் வேண்டுமென்று 2025 அக்டோபர் 31லே தீர்ப்பாகியிருக்கிறது.

"கட்டணம் கொடுக்க வழியற்றவரை எப்படி நடத்துவது?" என்பீர். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பழங்குடியினருக்கும் காவலில் இருப்போருக்கும் வருமானம் பாராமலே இலவச உதவி உண்டு. ஒரே மனுவிலே இரண்டு தகுதி!

வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் உள்ள கிளைத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. கைது என்று கேள்விப்பட்ட அன்றே, யாரைப் பிடித்தார்கள், எந்த நிலையத்தார், எந்த நாளில் சிறைக்கனுப்பினர் என்ற மூன்றையும் கள்ளக்குறிச்சிக்குத் தொலைபேசியிலே சொல்லுங்கள். அங்கே அதை எடுத்து எழுத ஓர் ஆள் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட.