பாட்டி அனுப்பும் வரன்களோடு சண்டை, சறுக்கும் ஸ்கேட்போர்டு... 'தர்ஸ்டி சூட்டர்ஸ்' விளையாடலாமா?

நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று புறப்பட்டது. அடுத்த மூன்று வாரங்களுக்குள், நவம்பர் 2 அன்று, அமெரிக்காவிலிருந்து ஒரு வீடியோ கேம் வெளியானது. அதில் அப்பா இலங்கைக்காரர், அம்மாவின் பூர்விகம் தென்னிந்தியா. இரண்டு கரையும் ஒரே வீட்டுச் சமையலறைக்குள்! அந்த வீட்டையே ஆட்டிப்படைக்கும் மூத்தவரின் பெயர், ஆங்கிலத்திலும் 'பாட்டி'தான்.

கேமின் பெயர் 'தர்ஸ்டி சூட்டர்ஸ்'. 'சூட்டர்' என்றால் நம்மூர் பாஷையில் வரன். 'தர்ஸ்டி' என்பது அமெரிக்க இளசுகளின் கிண்டல் வார்த்தை, காதலுக்காக ஏங்கித் திரிகிறவர் என்று அர்த்தம். சியாட்டிலைச் சேர்ந்த அவுட்டர்லூப் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் உருவாக்க, அன்னபூர்ணா இன்டராக்டிவ் வெளியிட்டது. இயக்குநர் சந்தன ஏகநாயக்க இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். இவரது குழுவின் முந்தைய படைப்பு, 2019-ல் வந்த 'ஃபால்கன் ஏஜ்'. '80 டேஸ்' கேமின் எழுத்தால் பேசப்பட்ட மேக்னா ஜெயந்த் இந்தக் கதையின் எழுத்தில் பங்கேற்றிருக்கிறார்.

இது ரோல் பிளேயிங் கேம் வகை. கூத்தில் வேஷம் கட்டுவது மாதிரி. ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன பேச வேண்டும், யாரோடு மோத வேண்டும் என்பதை ஆடுகிறவர் முடிவு செய்வார். வழக்கமாக இந்த வகையில் டிராகனைக் கொல்லலாம், உலகத்தைக் காப்பாற்றலாம். இங்கே காப்பாற்ற வேண்டியது ஒரு குடும்பத்தை!

என்னதான் கதை?

காலம் 1990-கள். இடம் வாஷிங்டன் மாநிலத்தில் டிம்பர் ஹில்ஸ் என்ற கற்பனை ஊர். காதல் முறிந்து, போக வேறு இடம் இல்லாமல் அப்பா அம்மா வீட்டுக்குத் திரும்புகிறாள் ஜாலா. சகோதரி அருணிக்குக் கல்யாணம் நெருங்குகிறது. ஆனால், அவள் ஜாலாவோடு பேசுவதில்லை. அம்மா ருக்மிணி அன்பானவர்தான். அந்த அன்பு கண்டிப்பாகவே வெளியே வரும். அப்பா அரவிந்த் மென்மையானவர். பாட்டி கல்யாணத்துக்கு வரப்போகிறார். வருவதற்கு முன்பே, பேத்திக்காக வரிசையாக வரன்களை அனுப்பத் தொடங்கிவிடுகிறார்.

போதாததற்கு ஊர் முழுக்க ஜாலாவின் பழைய காதல் கணக்குகள். மூன்றாம் வகுப்பில் 'லவ் பண்ண' செர்ஜியோகூட உணவகத்தில் வந்து நியாயம் கேட்கிறான். சரியாகச் சொல்லாமல் விட்டுப்போனவள் ஜாலா. காயப்பட்டவர்கள் அவர்கள். கதாநாயகியிடம் தப்பு இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்ளும் கேம்கள் குறைவு. இந்தக் கேமின் முதல் அழகு அதுதான்.

ஆரம்பமே குறும்பு. வாரப் பத்திரிகைகளில் 'நீங்கள் எப்படிப்பட்டவர்?' என்று கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு வினாடி வினா வருகிறது. நீங்கள் தரும் பதில்களை வைத்தே ஜாலாவின் குணம் அமைகிறது.

வாய்ச்சண்டையே ஆயுதம்

சண்டைகள் தாயம் ஆடுவது போல முறை வைத்து நடக்கின்றன. ஒரு முறை நீங்கள், அடுத்த முறை எதிராளி. 1987-ல் ஜப்பானில் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி' காலத்துப் பாணி இது. ஆனால், இங்கே கத்தியோ துப்பாக்கியோ இல்லை. முதலில் எதிராளியைச் சீண்ட வேண்டும். கோபப்படுத்தலாம், மயக்கலாம், மலைக்க வைக்கலாம். யாருக்கு எந்தச் சீண்டல் வேலை செய்யும் என்று கண்டுபிடித்து, அந்த மனநிலைக்கு ஏற்ற அடியைக் கொடுத்தால் சேதம் அதிகம்.

அதாவது, ஜெயிக்க வேண்டும் என்றால் எதிரில் நிற்பவரைக் கவனிக்க வேண்டும். இவர் எதற்குக் கோபப்படுவார், எதற்கு உருகுவார்? குடும்பச் சண்டையில் பழுத்த யாருக்கும் இந்தக் கலை புதிதில்லை. சண்டைக்கு நடுவே ஜாலா தன் அம்மாவையே துணைக்குக் கூப்பிடலாம். அவர் வந்து இறங்கும் தோரணையைப் பார்த்தால் எதிராளி மட்டுமல்ல, விளையாடுகிறவரும் நிமிர்ந்து உட்காருவார்.

பழைய காதலரோடு மோதும்போது சுற்றுப்புறமே மாறுகிறது. அவர் மனசுக்குள் இருக்கும் உலகமே மைதானமாகிறது. சண்டை முடிவில் யாரும் செத்து விழுவதில்லை. அடிகளுக்கு நடுவே பேச்சு நடக்கிறது. சொல்லாமல் விட்டது வெளியே வருகிறது. எதிராளியின் பலம் தீரும் நேரத்தில், இருவருக்கும் இடையே இருந்த முடிச்சும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

சமையலும் உண்டு. ஜாலா குட்டிக்கரணம் போட்டபடி சமைக்கிறாள். பெற்றோர் பக்கத்தில் நின்று பேசுகிறார்கள். சமைத்த பண்டம் பிறகு சண்டையில் தெம்பு தருகிறது. 'என்ன ஆச்சு உனக்கு?' என்று நேராகக் கேட்கத் தெரியாத அம்மாவும், சொல்லத் தெரியாத மகளும் அடுப்பைப் பார்த்தபடி பேசிக்கொள்வது நம் வீடுகளில் தினமும் நடப்பதுதானே!

இன்னொரு பக்கம், கைவிடப்பட்ட கேளிக்கைப் பூங்கா ஒன்றில் கரடி வேஷம் போட்ட ஆசாமி ஒருவர், ஸ்கேட்போர்டு ஓட்டும் பிள்ளைகளைச் சீடர்களாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஏன், எதற்கு என்று கேட்காமல் கூடவே போனால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

எங்கே இடிக்கிறது?

அந்த ஸ்கேட்போர்டில்தான் முதல் பிரச்னை. ஜாலா ஊரைச் சுற்றுவது அதில்தான். 1999 முதல் டோனி ஹாக் பெயரில் வந்த கேம்களை விளையாடியவர்களுக்கு, பலகை தரையைப் பிடித்து ஓடும் உணர்வு கைக்குப் பழகியிருக்கும். இங்கே பலகைக்குக் கனமே இல்லை. திருப்பினால் மிதக்கிறது. கம்பியில் ஏறுவதும் இறங்குவதும் சில நேரம் நம் திறமையால் நடக்கிறது, சில நேரம் அதுவாக நடக்கிறது. விழுந்தாலும் பெரிதாக நஷ்டம் இல்லை என்பதால், கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆர்வமும் வருவதில்லை.

இரண்டாவது, பட்டன் சோதனை. ஒவ்வொரு அடிக்கும், தடுப்புக்கும், வெங்காயம் நறுக்குவதற்கும்கூடத் திரையில் ஒரு குறி வரும். சரியான கணத்தில் பட்டனைத் தட்ட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் ஜாலி. அதன் பிறகு, அதே அசைவுகளை முழுநீளத்துக்குத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருப்பதால் அலுக்கிறது.

இதில் தொழில்நுட்பமும் சேர்ந்து விளையாடுகிறது. திரையில் படம் நொடிக்கு 60 முறை மாறினால், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி சுமார் 17 மில்லிவிநாடி. கருவி திணறி அது 30 ஆகக் குறைந்தால், இடைவெளி 33 மில்லிவிநாடி ஆகிவிடும். கதை வாசிக்கும்போது இது தெரியாது. கணம் பார்த்துத் தட்ட வேண்டிய கேமில், 'சரியாத்தானே அமுக்கினேன்!' என்று கத்த வைப்பது இந்த வித்தியாசம்தான். பழைய கருவிகளிலும் பலம் குறைந்த கணினிகளிலும் இந்தக் கடுப்பு அதிகம்.

மூன்றாவது, ஊர் காலியாக இருக்கிறது. சுற்ற சில இடங்களே உண்டு, நடமாட்டமும் குறைவு. சண்டைக் காட்சிகளில் பொங்கி வழியும் வண்ணமும் கற்பனையும் தெருவில் இல்லை. கதைசொல்லல், சண்டை, சமையல், ஸ்கேட்டிங் என்று நான்கு கேம்களுக்கான வேலையை ஒரு சின்னக் குழு தலையில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் என்று எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நாளில் தந்தால், எங்காவது துணி போதாமல் போகத்தான் செய்யும்.

பாட்டி இருக்கிறார், தமிழ் இல்லை

டெல்டா வீடுகளுக்கு உறுத்தும் குறை வேறொன்று. இந்தக் கேமில் தமிழ் எழுத்தைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. உரையாடலே உயிராக உள்ள கேமில், ஆங்கிலம் தடுமாறினால் பாதி ருசி போய்விடும். பேரன் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அப்பாயிக்கு, திரையில் வரும் பாட்டி என்ன சொல்கிறார் என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. 'தோசை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தோ'வின் உயிர்க்குறி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 'சை'யின் குறியோ, பின்னால் தட்டச்சு செய்தாலும் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்த பல கேம் மென்பொருள்களில், இதைச் சரியாக அடுக்கத் தனியாக வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். செலவும் நேரமும் பார்த்துச் சிறு நிறுவனங்கள் ஒதுங்கிவிடுகின்றன. நம் சொல்லை வைத்துக்கொள்ள இடம் கிடைத்திருக்கிறது. நம் எழுத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அப்படியானால் விளையாடலாமா?

முதலில் ஓர் ஏமாற்றம். இதை மொபைலில் விளையாட முடியாது. மொபைலுக்குக் கொண்டுவருவதாக அறிவித்திருந்த நெட்ஃபிளிக்ஸ், 2025 தொடக்கத்தில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. நல்ல கணினியோ கேம் கன்சோலோ வேண்டும். அப்படி இருந்தாலும் கீபோர்டைவிட, கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் நல்லது.

சின்னப் பிள்ளைகளுக்கான கேம் இது இல்லை. காதல், முறிவு, உடல் ஈர்ப்பு பற்றிய பேச்சு உண்டு. ஜாலாவின் முன்னாள் காதலர்களில் ஆண்களும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள். வீடு அதை எப்படி எதிர்கொள்கிறது என்பதும் கதையின் முக்கியமான பகுதி. கல்லூரி வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பார்த்தால், சில காட்சிகளில் அறை அமைதியாகிவிடலாம். அந்த அமைதிக்குப் பிறகு நல்ல பேச்சும் தொடங்கலாம்.

இதே 2023-ல், ஜூலை 31 அன்று, கனடாவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' சமையல் கேம் சிறியது, கச்சிதமானது; 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதையும் வாங்கியது. 'தர்ஸ்டி சூட்டர்ஸ்' அப்படிக் கச்சிதமான படைப்பு இல்லை. கல்யாண வீடு மாதிரி கூச்சலும் குழப்பமும் நிறைந்தது. பந்தியில் ஒரு பதார்த்தம் வேகாமல் இருக்கும், இன்னொன்றில் உப்பு கூடியிருக்கும். ஆனாலும், பல வருஷம் முகம் பார்க்காத சொந்தங்கள் இரண்டு பேர் அங்கே பேசிக்கொள்வார்கள்.

சறுக்கும் பலகையை அடுத்த கேமில் சரிசெய்துவிடலாம். மன்னிப்பு கேட்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான சண்டை என்று புரிந்துவைத்திருக்கும் மனசை எந்த அப்டேட்டிலும் சேர்க்க முடியாது. அது இந்தக் கேமில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

இந்தக் குழுவின் அடுத்த கேமின் பெயர் 'தோசா திவாஸ்'. இரண்டு சகோதரிகள், ஒரு ராட்சத இயந்திரம், எதிரில் துரித உணவு நிறுவனம். பெயரிலேயே தோசை வந்துவிட்டது. அந்தச் சொல்லைத் தமிழிலேயே திரையில் பார்க்கும் நாள் எப்போது என்பதுதான் பாக்கி.

ப்ளஸ்: எழுத்து, குடும்பப் பாத்திரங்கள், சண்டைக் காட்சிகளின் கற்பனை.
மைனஸ்: ஸ்கேட்போர்டு கட்டுப்பாடு, அலுக்கும் பட்டன் சோதனை, வெறிச்சோடிய ஊர், தமிழ் இல்லாமை.