ஒரு புள்ளி சொன்ன பாடம்

"தமிழாசிரியருக்கு எதற்கு ஐயா இந்தக் கணினி வேலையெல்லாம்? கடையில் கொடுத்துவிட வேண்டியதுதானே?"

ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நகைத்துக்கொண்டுதான் கேட்டார். எனினும், நம் வகுப்பறைகளைப் பீடித்துள்ள நோய் ஒன்று அக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது என்பேன்.

நடந்தது இதுதான். என் வீட்டில் லினக்ஸ் இயங்கும் பழைய கணினிகள் இரண்டு உள்ளன. ஒன்றில் என் பிள்ளைகளுக்கான பயிற்சிப் பக்கங்கள் இருக்கின்றன. மற்றொன்று, 'பைண்ட்' என்னும் மென்பொருள் கொண்டு இயங்கும் பெயர் வழங்கி. நாம் தட்டும் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது அதன் பணி. 'மேசை.வீடு' என்ற கணினிக்குப் 'பயிற்சி.வீடு' என்று மாற்றுப்பெயர் ஒன்றைச் சேர்த்தேன். அந்தப் பெயரைத் தட்டினால் பக்கம் திறக்கவே இல்லை.

கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டேன். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்" என்றார். நான் உடன்படவில்லை.

வெளி இணையத்தளங்கள் திறந்தன. ஆகவே இணைப்பில் பழுதில்லை. 192.168.1.10 என எண்ணையே தட்டினேன். பயிற்சிப் பக்கம் வந்தது. ஆகவே அந்தக் கணினியிலும் பழுதில்லை. பைண்டின் பதிவேட்டைப் படித்தேன். கோப்பு முறையாக ஏற்றப்பட்டதென்றே இருந்தது. இறுதியில் 'டிக்' என்னும் கட்டளையால் பெயர் வழங்கியை நேரடியாக வினவினேன். விடையில் 'மேசை.வீடு.வீடு' என்றிருந்தது!

கோப்பில் முழுப்பெயரின் இறுதியில் ஒரு புள்ளி இட வேண்டும். இடாவிட்டால், பெயர் முற்றுப்பெறவில்லை எனக் கொண்டு, 'வீடு' என்பதைப் பைண்ட் தானே இன்னொரு முறை ஒட்டிக்கொள்ளும். நான் விட்டது அந்த ஒரு புள்ளி. இட்டேன், கோப்பை மீண்டும் ஏற்றினேன், பக்கம் திறந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

புள்ளியை விட்டால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும் என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கற்பிக்கும் நமக்கா இது விளங்காது?

கடைக்காரரைக் குறை கூறுமுன் நம்மை நாமே பார்த்துக்கொள்வோம். பிள்ளை தவறாக எழுதினால் சிவப்பு மையில் குறுக்குக் கோடு இடுகிறோம். சரியான விடையைப் பத்து முறை எழுதச் சொல்கிறோம். அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது என்பது இதுவன்றி வேறென்ன? எந்த இடத்தில் சிந்தனை வழுவியது என்பதைப் பிள்ளையும் அறியவில்லை, நாமும் அறியவில்லை. அதே தவறு அடுத்த வாரமும் வரத்தான் செய்யும்.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை" என்பீர்கள். நானும் அதே பள்ளி மணிக்குக் கட்டுப்பட்டவன்தான். எல்லாப் பிழைகளையும் ஆராய இயலாது. நாளுக்கு ஒன்றை ஆராயலாமே! யுபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. விடையை மட்டுமே துரத்தும் பழக்கத்தை இன்னும் யாருக்காகக் காத்து வருகிறோம்?

பெற்றோர்களே, பயிற்சி நூலைத் திறந்ததும் "எத்தனை மதிப்பெண்?" என்று கேளாதீர்கள். "எந்தப் படியில் தவறியது? நீயே கண்டுபிடி, பார்ப்போம்" என்று கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, தெரியாததைக் கடையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் நாம், தேடிக் கண்டறியும் துணிவைப் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

சிந்திப்போம்.