தகுதி பெற்ற ஆசிரியர்: குழந்தையின் உரிமை

ஜூன் மாதம் வந்தால் பள்ளி வாசலில் பெற்றோர் வரிசையில் நிற்கின்றனர். கட்டணம் எவ்வளவு, பேருந்து வருமா, ஆங்கில வழியா என்று விசாரிக்கின்றனர். 'பாடம் நடத்தப்போகும் ஆசிரியர் முறையாகப் பயிற்சி பெற்றவரா?' என்று கேட்பவர் மிகச் சிலரே.

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியை வரையறுத்தது. அதன்படி ஆசிரியர் தகுதித் தேர்வும் வந்தது. தமிழகத்தில் 2012-இல் நடந்த முதல் தேர்வில் எழுதியவர்களில் ஒரு விழுக்காட்டினர்கூடத் தேறவில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பது 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதைப் பெரிய அமர்வு மீண்டும் ஆராய வேண்டும் என்று 2025-இல் நீதிபதிகள் பரிந்துரைத்தனர். இங்குதான் நம் மனச்சான்றைத் தொடும் கேள்வி எழுகிறது. அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு, கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை நமக்குத் தருகிறது. அந்த உரிமையைக் காப்பது நம் கடமை. ஆனால், பயிற்சியற்றவரை வகுப்பில் நிறுத்துவதற்கு அது மறைப்பாகிவிடக் கூடாது.

பயிற்சி என்ன செய்யும்? 32-இல் 17-ஐக் கழித்து 25 என்று ஒரு சிறுமி எழுதுகிறாள். பயிற்சியில்லாதவர் சிவப்பு மையால் தவறு போட்டு நகர்ந்துவிடலாம். பயிற்சி பெற்றவரோ, பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள், கடன் வாங்கத் தெரியவில்லை என்று காண்பார். புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்துக் காட்டி விளங்க வைப்பார். அன்பு மட்டும் இதைக் கற்றுத் தராது.

திருச்சபைக்கு இது புதிதன்று. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஏழைச் சிறுவருக்குப் பள்ளிகள் தொடங்கிய புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதையே முதற்பணியாகக் கொண்டார். 1950-இல் அவர் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், ஆசிரியர்கள் உலக அறிவிலும் சமய அறிவிலும் தக்க தகுதி பெற்றிருக்கக் கவனமாகத் தயாரிக்கப்பட வேண்டும் என்று கற்பித்தது.

தேர்வு ஒன்றே நல்லாசிரியரை உருவாக்காது என்பதும் உண்மை. இருபது ஆண்டுகள் உழைத்தவர், ஒரு தேர்வைக் காட்டி வேலை பறிபோகுமோ என்று அஞ்சுவது வேதனைக்குரியது. அவரைக் கைவிடாமல் தயாரிப்பதே நீதி. நிர்வாகங்கள் விடுமுறை நாள்களில் பயிற்சி வகுப்புகள் நடத்தலாம், தேர்வுக் கட்டணத்தை ஏற்கலாம். சுயநிதிப் பள்ளிகளில் சொற்ப ஊதியம் கொடுத்துவிட்டு உயர்ந்த தகுதியை எதிர்பார்ப்பதும் நேர்மையாகாது.

கட்டடம் எழுப்பத் தாராளமாகக் கொடுக்கும் பங்கு மக்கள் நாம். சுவர் கட்டப் பயிற்சி பெற்ற கொத்தனாரைத் தேடுகிறோம். குழந்தையின் அறிவைக் கட்டியெழுப்ப யாரைத் தேடுகிறோம்? நீதிமன்றம் எப்படித் தீர்ப்பளித்தாலும், இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.