கல்லென்று கிடக்கும் செடி

கல்லுக்குள் வாழும் தேரைக்கும் படியளப்பவன் இறைவன் என்பர் பெரியோர். கல்லையே போன்றதொரு செடியைப் படைத்து, அதற்கும் அவன் படியளக்கும் விதம் தென்னாப்பிரிக்கா, நமீபியா நாடுகளின் வறண்ட நிலங்களில் காணக் கிடைக்கிறது.

1811ஆம் ஆண்டில் வில்லியம் பர்ச்செல் என்னும் ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர், தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்காவுக்கு அருகே கற்கள் நிறைந்த தரையில் விந்தையான கூழாங்கல் என்றெண்ணி ஒன்றைக் குனிந்து எடுத்தார். கைக்கு வந்ததோ உயிருள்ள செடி! மேயும் விலங்குகளின் கண்ணில் படாதிருக்கவே அதற்கு அவ்வுருவம் வாய்த்தது என்று அவர் உணர்ந்தார். படைப்பில் குறையும் இல்லை, மிகையும் இல்லை என்னும் வியப்பைத் தம் பயண நூலிலும் பதிந்து வைத்தார். ‘லித்தோப்ஸ்’ என்னும் பெயர் பின்னர், 1922இல் சூட்டப்பட்டது. கல் போன்ற தோற்றமுடையது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

செடி என்றாலும் கண்ணுக்குத் தெரிவன சதைப்பற்றுள்ள இரண்டே இலைகள்; நடுவே ஒரு பிளவு. பிறந்த மண்ணில் உடலின் பெரும்பகுதி தரைக்குள் புதைந்திருக்கும். மேற்பரப்பு மட்டும் வெளியே தெரியும். அதுவே ஒளிபுகும் பலகணி. வெயில் அதன் வழியே உள்ளிறங்கி, மண்ணுக்குள் இருக்கும் பச்சையத்தை எட்டுகிறது.

இச்செடி இன்று சிறு தொட்டிகளில் தமிழகத்து வீடுகளுக்கும் வந்து சேர்கிறது. பேரப்பிள்ளைகள் ஆசையோடு வாங்கித் தந்த செடி சில வாரங்களிலேயே அழுகிப்போவதும், தாத்தாவும் பாட்டியும் மனம் நோவதும் உண்டு. துளசி மாடத்துக்கு நாள்தோறும் நீர் வார்த்துப் பழகிய கை, பக்கத்துத் தொட்டியைக் கண்டும் சும்மா இருப்பதில்லை. இச்செடியைக் கொல்வது பெரும்பாலும் புறக்கணிப்பு அன்று, பரிவுதான்.

ஆண்டுக்கு ஒருமுறை இதனுள் ஒரு மாற்றம் நிகழ்கிறது. பூத்து முடிந்தபின், பழைய இலைகளின் நடுவே புதிய இணை ஒன்று கருக்கொள்ளும். பழைய இலைகள் தாம் சேமித்த நீரையெல்லாம் புதியவற்றின் கணக்கில் மாற்றிவிட்டு, சுருங்கி, காகிதம் போல் உலர்ந்துவிடும். இதற்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ஒரு சொட்டு நீரும் விடலாகாது. செடி வாடுகிறதே என்று இரங்கி நீர் விட்டால், பழைய இலைகள் அதை உறிஞ்சி மீண்டும் பருத்துக்கொள்ளும், விலக மறுக்கும், உள்ளிருக்கும் இளையவை நெருக்குண்டு நலியும். உலர்ந்த தோலைப் பிய்த்தெறியவும் வேண்டியதில்லை. அது தானே கழலும்.

மற்றக் காலங்களில், பக்கங்களில் சுருக்கம் விழுந்து செடி சற்றே தாழ்ந்த பிறகு, மண் முழுதும் நனைய ஒருமுறை விட்டால் போதும். நன்கு காய்ந்த பின்னரே அடுத்த முறை. கடுங்கோடையில் இது உறங்கும். அப்போதும் நீர் மிகக் குறைவாகவே வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நனையாதபடி கூரையின் கீழ் வைப்பது இன்றியமையாதது. காலை வெயில் நன்று. வெளிச்சம் போதாவிடில் கல் வடிவம் குலைந்து மேல்நோக்கி நீண்டுவிடும்; நிழலில் இருந்ததைத் திடீரென உச்சிவெயிலில் வைத்தால் கருகும். ஆணிவேர் ஆழம் செல்லுமாதலால் நான்கு அங்குலமாவது ஆழமுள்ள, அடியில் துளையுடைய மண்தொட்டி வேண்டும். பருமணல், பொடிக்கல், உடைத்த செங்கல் ஆகியவற்றோடு சிறிதளவே மக்கிய உரம் சேர்க்கலாம். துளையற்ற கண்ணாடிக் கிண்ணத்தில் விற்கப்படுவதை வாங்கினால், அன்றே இடம் மாற்றுவது நல்லது.

விதையிலிருந்து வளர்த்த செடிகளையே வாங்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இத்தகைய சதைப்பற்றுச் செடிகளைக் காட்டிலிருந்து தோண்டிக் கடத்துவது அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளது. ஆண்டுக்கு ஓர் இணை இலை மட்டுமே விடும் உயிரை வேரோடு பெயர்த்தால் அவ்விடம் மீள நெடுங்காலம் ஆகும்.

விதைத்து மூன்று நான்கு ஆண்டுகளில், அந்தப் பிளவிலிருந்து மஞ்சளாகவோ வெண்மையாகவோ ஒரு பூ எழும். சில வேளை செடியையே மறைத்துவிடும். நண்பகலுக்குப் பின்னரே விரிவதால் காலைப் பூசைக்கு உதவாது. பொழுது சாயும்போது இதழ் குவித்து, மறுநாள் பிற்பகல் மீண்டும் மலரும்.