பிளஸ் ஒன் பட்டியலையும் வெளியிடுங்கள்



2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் வெட்டப்பட்டதையடுத்து, பள்ளிகளில் சாதிப் பாகுபாடு குறித்து அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு கூடாது, அகர வரிசையில் உட்காரவையுங்கள் என்றது. நல்லதுதான். கயிறு கண்ணில் படும். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி, தளி மலைக்கிராமப் பிள்ளை பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு கேட்டால் என்ன பதில் கிடைக்கிறது என்பது படாது. ஒரே சேட்டைக்கு ஒருவனுக்கு அறிவுரை, இன்னொருவன் கையில் மாற்றுச் சான்றிதழ் என்றாலும் வெளியே தெரியாது. உடல், மனத் துன்புறுத்தலைத் தடுக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவோ 14 வயதோடு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் இடைநீக்கங்களை இனவாரியாகக் கணக்கெடுத்து அரசே வெளியிடுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் பிரிவு ஒதுக்கீடு, இடைநீக்கம், இடைநிற்றல் மூன்றையும் பெயரில்லாமல், சமூகவாரியாக வெளியிட என்ன தயக்கம்? ஓசூர் சிப்காட்டுக்குள் யார் பொறியாளராக, யார் ஒப்பந்தக் கூலியாக நுழைவது என்பது பெரும்பாலும் அந்தப் பதினாறு வயதிலேயே முடிவாகிவிடுகிறது.

— ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை